நியூட்ரினோக் கணக்கு எங்கே உதைக்கிறது?

எங்கள் ஐயா பெட்டியடிப் பையனாக இருந்து தொழில் கற்றவர். கானாடுகாத்தான் வீட்டு இரும்புப் பெட்டியில் அவருடைய பேரேடு இன்னும் இருக்கிறது. ஒருவர் பேரில் வரவு வைத்தால் இன்னொருவர் பேரில் பற்று இருந்தே ஆக வேண்டும். ஐந்தொகை நேராகும்வரை கடையில் யாரும் படுக்க மாட்டார்களாம்.

எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோவிலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. எலக்ட்ரான், மியூவான், டௌ என்று அதில் மூன்று வகை. ஒவ்வொரு வகையும் வெவ்வேறு நிறை கொண்ட மூன்று அலைகளின் கலவை. போகப் போக அந்த அலைகள் முன்பின்னாக விலகுவதால், மியூவானாகக் கிளம்பியது எலக்ட்ரானாக வந்து சேரலாம். நிறை வேறுபாடு மிகச் சிறியது. அதனால் இப்படி மாறுவதற்குப் பல கிலோமீட்டர் ஓட வேண்டும்.

ஆனால் 1990களில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில், கிளம்பிய இடத்திலிருந்து வெறும் 30 மீட்டரிலேயே எலக்ட்ரான் வகை அதிகமாகத் தென்பட்டது. பிறகு அங்கேயே இன்னொரு ஆய்வகமான ஃபெர்மிலேப்பின் மினிபூன் கருவியிலும், சுமார் 540 மீட்டரில், அதே மாதிரி மிகுதி. இவ்வளவு கிட்டத்தில் மாற வேண்டுமென்றால் இன்னும் கனமான நான்காவது நியூட்ரினோ வேண்டும். மெல்விசையைச் சுமக்கும் துகளான இசட் போசானின் சிதைவோ, அந்த விசைக்கு உட்படும் நியூட்ரினோ மூன்றே வகை என்கிறது. அப்படியானால் நான்காவது, மெல்விசையில்கூடச் சிக்காத 'மலட்டு நியூட்ரினோ'வாகத்தான் இருக்க முடியும்.

சரி, இங்கேதான் பேரேடு நினைவுக்கு வருகிறது. நான்காவதன் வழியாக எலக்ட்ரான் வகை கூடினால், மியூவான் வகை அதற்கேற்பக் குறைய வேண்டும். மைனாஸ் ப்ளஸ் சோதனை தேடிப் பார்த்தது; அந்த அளவுக்குக் குறையவில்லை. வரவு இருக்கிறது, பற்றைக் காணோம். என்னைக் கேட்டால், இந்தக் கருதுகோளின் பெரிய ஓட்டை இதுதான்.

அப்புறம், எலக்ட்ரான் வகை நியூட்ரினோ மோதும்போது வெளிவரும் எலக்ட்ரானை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். ஆனால் மினிபூனால் எலக்ட்ரானையும் ஃபோட்டானையும் (ஒளித்துகள்) பிரித்தறிய முடியாது. அதன் தொட்டியில் நிரப்பிய எண்ணெயில் இரண்டும் ஒரே மாதிரி ஒளிவளையம் போடும். ஆகவே கனமான புதுத் துகள் ஒன்று சிதைந்து ஃபோட்டானையோ, ஒட்டியே செல்லும் எலக்ட்ரான்-பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) இணையையோ தந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். திரவ ஆர்கானில் வேலை செய்யும் மைக்ரோபூன் என்ற கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஃபோட்டான் என்றால் சிறிது இடைவெளி விட்டுத்தான் தடம் தொடங்கும். 2021இல் அது எலக்ட்ரான் மிகுதி எதையும் காணவில்லை. 2025இல், ஒற்றை மலட்டு நியூட்ரினோ விளக்கத்தை 95 சதவீத உறுதியுடன் தள்ளியது.

மினிபூனின் மிகுதிக்கு இன்னும் விடை இல்லை. இப்போது ஃபெர்மிலேப்பில் ஒரே நியூட்ரினோக் கற்றையை 110 மீட்டரில் எஸ்பிஎன்டி, 600 மீட்டரில் இகாரஸ் என்று இரண்டு கருவிகள் எண்ணுகின்றன. கிளம்பியது எத்தனை, வழியில் குறைந்தது எத்தனை, கூடியது எத்தனை என்று இரண்டு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கலாம்.