பம்பைக் கழற்றும் முன் ஒருக்கால் கேளுங்கள்

"அண்ணை, இடப்பக்கச் செயின் இழுக்குதில்லை. பம்ப் போயிட்டுதாம் எண்டு கழட்டிச் செய்தாச்சு. பிறகும் அப்பிடியேதான் நிக்குது."

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சிறு குளத்தின் கட்டு வேலையில் நின்ற 20 தொன் செயின் பெக்கோவின் (இரும்புச் செயினில் ஓடும் மண் தோண்டும் மெசின்) சொந்தக்காரர்தான் கதைத்தார். புரட்டாதி மாதம். மாரி இறங்கும் முன் கட்டு உயர வேண்டும், கீழே வயல்காரர் காத்திருக்கிறார்கள். லீசிங் கட்ட வைத்திருந்த காசைப் பம்புக்குக் கொடுத்துவிட்டு நின்றார் அந்த மனிதர்.

வன்னியில் மெசின் திருத்தும் வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து இதே கதையைப் பல தடவை கேட்டுவிட்டேன். செயின் இழுக்கவில்லை என்றால், ஒயிலை அழுத்தித் தள்ளும் ஹைட்ரோலிக் பம்பில்தான் முதலில் கை வைக்கிறார்கள். பம்ப்தான் எல்லாவற்றையும் விட விலை கூடியது, பெரும்பாலும் குற்றமற்றதும் அதுதான்.

தொலைபேசியிலேயே மூன்று கேள்வி கேட்டேன். ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? காலையில் குளிராக இருக்கும்போதே இழுக்கவில்லையா, வேலை செய்து சூடான பிறகா? முன்னுக்கு மட்டுமா, பின்னுக்குமா? இடப்பக்கம் மட்டும், காலையில் பரவாயில்லை, பத்து மணிக்குப் பிறகு மோசம், இரு திசையிலும் என்றார். அப்போதே பாதித் தேடல் முடிந்துவிட்டது.

ஒயில் போகும் பாதையை மனதில் வைத்தால் இது விளங்கும். பம்பிலிருந்து பிரதான வால்வுக்கு, அங்கிருந்து மெசினின் நடுவில் சுழலும் சென்டர் ஜொயின்ட் வழியாகக் கீழே இறங்கி, ஒயிலின் அழுத்தத்தால் சுற்றும் ட்ரவல் மோட்டருக்கு. அந்தச் சுற்று பிறகு பைனல் டிரைவின் கியர்களுக்கு, கடைசியில் செயினை இழுக்கும் பல்லுச்சில்லுக்கு. பெரும்பாலான மெசின்களில் இரண்டு பிரதான பம்ப். ஒவ்வொன்றும் ஒரு பக்கச் செயினோடு வேறு வேலைகளுக்கும் ஒயில் கொடுக்கும். இவருடையதில் இடச்செயினுக்குக் கொடுக்கும் அதே பம்ப்தான் மெசினின் மேற்பகுதியைச் சுழற்றவும், ஆர்மை (பக்கெட் பூட்டிய முன்கையை) இழுக்கவும் கொடுக்கிறது. அவை இரண்டும் வேகமாக வேலை செய்தன. பம்ப் போயிருந்தால் அவையும் சோர்ந்திருக்கும். இரண்டு செயினும் ஒன்றாகச் சோர்ந்தால் கதை வேறு: ஒயில் மட்டம், உறிஞ்சும் பக்க வலை, பைலட் பிறெஷர் (லீவரிலிருந்து வால்வை அசைக்கும் சிறு அழுத்தம்), எஞ்சினின் டீசல் பில்டர் என்று மேலிருந்து பார்க்க வேண்டும்.

நேரில் போனதும் எஞ்சின் சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன். செயின் திணறும்போது எஞ்சினும் சேர்ந்து முக்கிப் புகை தள்ளினால், பாரம் உண்மையாகவே இருக்கிறது: செயின் அளவுக்கு மேல் இறுகியிருக்கலாம், றோலர்களுக்குள் களி இறுகிக் காய்ந்திருக்கலாம், மோட்டருக்குள் இருக்கும் பிறேக் விடாமல் பிடித்திருக்கலாம். எஞ்சின் ஒன்றும் நடக்காததுபோலப் பாடிக்கொண்டு நிற்க, செயின் மட்டும் நின்றால், ஒயில் எங்கோ உள்ளுக்குள் கசிந்து வீணாகிறது. இவருடையது இரண்டாவது வகை. குளிரில் நல்லது, சூட்டில் மோசம் என்பதும் அதைத்தான் சொல்கிறது. சூடானால் ஒயில் தண்ணீர்போல் இளகி, தேய்ந்த இடத்தால் ஓடிவிடும்.

பூமை (மெசினின் பெரிய கையை) ஊன்றி ஒரு பக்கச் செயினைத் தூக்கி, ஒரு தகட்டில் சோக்கால் கோடு போட்டு, மூன்று சுற்றுக்கு எத்தனை விநாடி என்று இரு பக்கமும் எண்ணுவது நல்ல பழக்கம். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தரத்தில் சுற்றும் செயினுக்குப் பாரமில்லை, கசிவு ஒளிந்துகொள்ளும். குளக்கட்டின் ஏற்றத்தில்தான் அது வெளியே வரும்.

அடுத்ததுதான் செலவில்லாத, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. சென்டர் ஜொயின்டுக்குக் கீழே, மோட்டர்களுக்குப் போகும் ஹோஸ்களை இடம் வலம் மாற்றிப் பூட்டுவது. வருத்தம் இடப்பக்கமே நின்றால் மோட்டரிலோ பைனல் டிரைவிலோ குற்றம். வலப்பக்கம் தாவினால் குற்றம் மேலே. எங்களுக்குத் தாவியது. கீழ் ஹோஸ்களைப் பழையபடி பூட்டி, ஜொயின்டுக்கு மேலே வால்வுப் பக்கத்து ஹோஸ்களை மாற்றினோம். இப்போது வருத்தம் மறுபடி இடப்பக்கமே நின்றது. மோட்டர் சுத்தம், வால்வு சுத்தம், பம்ப் சுத்தம். நடுவில் மிஞ்சியது ஜொயின்ட் ஒன்றுதான். கழற்றினோம். இடச்செயினின் முன் பாதைக்கும் பின் பாதைக்கும் நடுவில் இருந்த சீல் கடித்த பனங்கிழங்கு நார்போல் கிழிந்து கிடந்தது. சீல் செட் ஒன்றும் ஒரு பகல் வேலையும்.

வருத்தம் கீழேதான் என்றால் மோட்டரின் கேஸ் ட்ரெயின் ஒயிலைப் பாருங்கள். மோட்டருக்குள் கசியும் ஒயில் கேஸ் ட்ரெயின் என்ற ஒரு மெல்லிய குழாயால் ஒயில் டாங்கிக்குத் திரும்பும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று இரு பக்கமும் அளந்து, மெசினின் கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடியுங்கள். மஞ்சள் பொடி தூவியதுபோல் பித்தளை மின்னினால் மோட்டரின் உள்பாகம் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் கருந்தூள் என்றால் இரும்பு. பைனல் டிரைவின் கியர் ஒயிலையும் அதேபோல் வடித்துப் பாருங்கள். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாரியில் சேற்றுத் தண்ணீரில் நிற்கும் மெசின்களில் இதைக் காண்கிறேன். பிறெஷர் பார்க்க 600 பார் (அழுத்த அலகு) வரை காட்டும் கேஜ் வேண்டும். 20 தொன் மெசின்களில் ட்ரவல் பிறெஷர் பெரும்பாலும் 340–350 பார் அளவில் இருக்கும். சின்னக் கேஜை மாட்டி வெடிக்க வைக்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து ஒப்பரேட்டர் தம்பிமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஹோஸ் கழற்றும் முன் பக்கெட்டை நிலத்தில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி, டாங்கியின் காற்றையும் விடுங்கள். கழற்றிய வாய்களை உடனே மூடுங்கள். ஒரு சிட்டிகை கிரவல் புழுதி போதும், புது மோட்டரையும் தின்றுவிடும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், மட்டை அட்டையால் தேடுங்கள். ஊசிமுனைக் கசிவு தோலைத் துளைத்து ஒயிலை உள்ளே ஏற்றும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், முதலில் நோவும் குறைவு. பேசாமல் இருந்தால் விரலையே இழக்க நேரிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், பிறெஷரில் ஒயில் ஏறியது என்று சொல்லிக் கேளுங்கள். சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டிய காயம் அது.

செயினைத் தளர்த்தும்போது, அதை இறுக்கிப் பிடிக்கும் கிறீஸை வெளியே விடும் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், அதற்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். உள்ளிருக்கும் பிறெஷர் வால்வையே துப்பாக்கிச் சன்னம்போல் தள்ளிவிடும்.

ஒரு பக்கம் இழுக்காத மெசினை லோபெட்டில் (மெசின் ஏற்றும் தாழ்வான ட்ரெய்லரில்) ஏற்றவே வேண்டாம். பலகையில் பாதி ஏறியதும் நல்ல பக்கம் முந்தும், மற்றது நிற்கும், மெசின் திரும்பிச் சரியும். ஒட்டுசுட்டான்காரரும் அதை லோபெட்டில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவரத்தான் இருந்தார். வேண்டாம், நான் வாறன் என்றேன். சீல் மாற்றிய பின்னேரம், வெயில் சூட்டிலேயே, குளக்கட்டின் மேல் 20 மீற்றருக்குக் கயிறு பிடித்து ஓடவிட்டோம். இரண்டு செயின் தடமும் கயிற்றோடு நேராகக் கிடந்தன.