மாதம் ஒரே ஊசி: மருந்தை அடைத்து வைக்கும் நுண்கோளங்கள்

புரோஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படும் லியூப்ரோலைடு ஒரு பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. விழுங்கினால் குடலிலேயே சிதைந்துவிடும். தினமும் ஊசி போட வேண்டியிருந்த இந்த மருந்தை மாதத்துக்கு ஒன்றாக மாற்றியது, மருந்தை உள்ளே அடைத்து மெல்ல மெல்ல வெளிவிடும் பிஎல்ஜிஏ நுண்கோளம். அமெரிக்காவில் 1989-ல் அனுமதி கிடைத்தது.

பிஎல்ஜிஏ என்பது லாக்டிக் அமிலமும் கிளைகோலிக் அமிலமும் கோத்த பாலிமர். உடலிலுள்ள நீரே இதன் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். இரண்டும் 50:50 இருந்தால் சீக்கிரம் சிதையும். லாக்டிக் பங்கு 75 சதவீதம் என்றால் கூடுதல் நாள் தாங்கும்.

சிக்கல் இதுதான்: மருந்து நீரில் கரையும், பாலிமர் கரையாது. எனவே இரண்டு முறை கலக்க வேண்டும். ஆய்வக அளவில், 500 மி.கி. பிஎல்ஜிஏவை 5 மி.லி. டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்து, அரை மி.லி. மருந்துக் கரைசலைச் சேர்த்து, பனிக்கட்டி மேல் வைத்து அரை நிமிடம் மீயொலியால் கலக்கினால் பாலிமர் கரைசலுக்குள் மருந்துக் கரைசல் சிறு துளிகளாக மிதக்கும் வெண்மையான பால்மம் வரும். அதை, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காக்கும் பாலிவினைல் ஆல்கஹால் 1% கலந்த 50 மி.லி. நீரில் ஊற்றி, ஹோமோஜெனைசர் என்ற அதிவேகக் கலக்கியில் ஒரு நிமிடம் சுழற்ற வேண்டும். கோளத்தின் அளவு இந்த நிமிடத்தில்தான் முடிவாகிறது. வேகம் குறைந்தால் கோளங்கள் பருத்து ஊசியை அடைக்கும். கூடினால் உள்ளே இருக்கும் மருந்துத் துளிகள் உடைந்து மருந்து வெளியே உள்ள நீருக்குப் போய்விடும். உள்நீரில், அதாவது மருந்துக் கரைசலில், ஜெலட்டின் சேர்த்துக் குளிர்வித்துக் கெட்டியாக்குவது இந்தக் கசிவைத் தடுக்கத்தான்.

அடுத்து 200 மி.லி. நீர்த்த பாலிவினைல் ஆல்கஹால் கரைசலில் ஊற்றி, 3-4 மணி நேரம் திறந்த பாத்திரத்தில் கிளற, கரைப்பான் ஆவியாகிக் கோளம் இறுகும். அவசரப்பட்டுச் சூடாக்கக் கூடாது. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிக்கும். குமிழிகள் துளை போட்டுவிடும். மருந்தின் உப்புச்செறிவு உள்ளே அதிகமென்றால் வெளிநீர் உள்ளே புகுந்தும் துளைகள் உண்டாகும். வெளிநீரில் கொஞ்சம் உப்போ, மானிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளோ சேர்த்தால் இது சமனாகும். துளை விழுந்த கோளம் முதல் நாளிலேயே மருந்தைக் கொட்டிவிடும். இத்துறையில் பெரிய தலைவலி இதுதான்.

பிறகு கழுவி, சலித்து, உறைநிலையில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு வெப்பம் பட்டால் பாலிமர் இளகிக் கோளங்கள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சும் கரைப்பான் பத்து லட்சத்தில் 600 பங்கைத் தாண்டக் கூடாது.

மருந்து புரதமாக இருந்தால் இன்னொரு தொல்லை: சிதையும் பாலிமரின் அமிலம் கோளத்துக்குள்ளேயே தேங்கிப் புரதத்தைக் கெடுக்கும். அமிலத்தை முறிக்கும் மக்னீசியம் ஹைட்ராக்சைடைக் கலப்பது அதற்காக.

கோளம் கெட்டியாக இருந்தால் நேர்மாறான நிலைமை. மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் நுண்கோளம், பாலிமர் சிதையத் தொடங்கும் வரை மருந்தை ஏறக்குறைய வெளியே விடுவதே இல்லை. அதனால் முதல் ஊசிக்குப் பிறகு மூன்று வாரம் மாத்திரையையும் தொடரச் சொல்கிறார்கள்.