வட கரோலினாவில் உங்கள் தொகுதி எண் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிரீன்ஸ்பரோ நகரில் வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்வி நிலையங்களில் நாட்டிலேயே அதிகம் பேர் படிப்பது இங்குதான். வளாகத்தின் ஊடாக லாரல் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு போகிறது. அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலுக்காக 2016-இல் போட்ட தொகுதி வரைபடத்தில் எல்லைக் கோடு அந்தத் தெரு வழியாகவே ஓடியது. தெருவுக்கு ஒரு பக்க விடுதியில் இருந்தவருக்கு 6-ஆம் தொகுதி, எதிர்ப் பக்கத்தில் இருந்தவருக்கு 13-ஆம் தொகுதி. பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் மாணவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 2018 தேர்தலில் இரண்டு தொகுதியிலும் ஜெயித்தது குடியரசுக் கட்சி.

இப்படி ஒரு கோட்டை யார் போடுகிறார்கள், எந்த விதிப்படி? அதைப் பார்ப்பதற்கு முன் பெயர்க் குழப்பம் ஒன்று. மிட்டேர்ம் என்பதை நாம் இடைக்காலத் தேர்தல் என்கிறோம். யாரோ இறந்தோ விலகியோ வருகிற இடைத்தேர்தல் இல்லை இது. அதிபரின் 4 ஆண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் வருவதால் அந்தப் பெயர். நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் பதவிக்காலம் 2 ஆண்டுதான் என்பதால் 435 இடங்களுக்கும் அப்போது தேர்தல் உண்டு. அடுத்தது 2026 நவம்பர் 3.

எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை 10 ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் சென்சஸ் தீர்மானிக்கிறது. 2020 கணக்கில் வட கரோலினாவின் மக்கள் தொகை 1 கோடியே 4 லட்சத்தைத் தாண்டியது. அதனால் 13 இடம் 14 ஆனது. தொகுதிக்கு சுமார் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர். இந்தச் சமத்துவத்தில் நீதிமன்றங்கள் கறாராக இருக்கின்றன.

கோடு போடுவது மாநில சட்டமன்றம். தனி ஆணையம் கிடையாது. கவர்னருக்கு மற்ற மசோதாக்களில் வீட்டோ, அதாவது மறுத்துத் திருப்பி அனுப்பும் அதிகாரம், உண்டு, தொகுதி வரைபடத்தில் இல்லை. 1996-இல் கவர்னருக்கு வீட்டோ கொடுத்தபோதே இதை விலக்கி வைத்துவிட்டார்கள். ஆக, சட்டமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சி கையில்தான் பேனா. இப்போது அது குடியரசுக் கட்சி. முன்பு ஜனநாயகக் கட்சியும் இதே வேலையைச் செய்ததுதான். 1992-இல் அவர்கள் வரைந்த 12-ஆவது தொகுதி, நெடுஞ்சாலையை ஒட்டிப் பாம்பு மாதிரி நீண்டு உச்ச நீதிமன்றம் வரை போனது.

உத்தி எளியது. எதிர்க்கட்சி வாக்காளர்களைச் சில தொகுதிகளுக்குள் மொத்தமாக அடைத்துவிடு. மீதிப் பேரைப் பல தொகுதிகளில் சிதறடி. 2012-இல் மாநிலம் முழுக்கக் கூட்டினால் ஜனநாயகக் கட்சிக்குப் பாதிக்குச் சற்று மேல் வாக்கு. கிடைத்த இடம் 13-இல் 4.

இதைத் தடுக்க முடியாதா? வாக்காளர் கறுப்பினமா வெள்ளையினமா என்பதை முக்கிய அளவுகோலாக வைத்து வரைந்தால் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிடலாம். கட்சி லாபத்துக்காக வரைந்தேன் என்றால் தலையிட முடியாது. 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அப்படித்தான் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் வரைபடங்களில் ஒன்று, லாரல் ஸ்ட்ரீட்டைப் பிளந்த அதே வரைபடம்.

மிச்சமிருந்தது மாநில உச்ச நீதிமன்றம். 2022 பிப்ரவரியில் அது சட்டமன்றத்தின் புது வரைபடத்தை 4-க்கு 3 என்று ரத்து செய்தது. வழக்கு நடந்த காலத்தில் மார்ச் 8-இல் நடக்க வேண்டிய பிரைமரி (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) மே 17-க்குத் தள்ளிப் போயிருந்தது. நிபுணர்களை வைத்து நீதிமன்றமே ஒரு தற்காலிக வரைபடம் கொடுத்தது. அந்த நவம்பர் இடைக்காலத் தேர்தலில் இரு கட்சிக்கும் 7-க்கு 7.

ஆனால் அந்த மாநிலத்தில் நீதிபதிகளும் கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்பவர்கள். அதே நவம்பர் வாக்குச்சீட்டில் மாநில உச்ச நீதிமன்றத்தின் இரண்டு இடங்களுக்கான போட்டியும் இருந்தது. இரண்டையும் குடியரசுக் கட்சி பிடித்தது, நீதிமன்றம் அந்தக் கட்சிக்கு 5-க்கு 2 ஆக மாறியது. 7-க்கு 7 முடிவைத் தந்த வாக்குச்சீட்டே, அதைச் சாத்தியமாக்கிய தீர்ப்புக்கும் முடிவு கட்டிவிட்டது! 2023 ஏப்ரலில் புது நீதிமன்றம் பழைய தீர்ப்பைத் திருப்பியது. அக்டோபரில் புது வரைபடம் வந்தது. ஜனநாயகக் கட்சியின் மூன்று உறுப்பினர்கள், நின்றும் பயனில்லை என்று தங்கள் தொகுதியை விட்டார்கள். 2024-இல் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4. அதே நாளில் அதே மக்கள் ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைனைப் பெரிய வித்தியாசத்தில் கவர்னராக்கினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சென்சஸுக்கு இன்னும் காலம் இருக்கும்போதே 2025 அக்டோபரில் மறுபடியும் ஒரு திருத்தம். இந்த முறை குறி வடகிழக்கில் உள்ள 1-ஆவது தொகுதி. 1992-இலிருந்து கறுப்பின உறுப்பினரையே அனுப்பி வரும் தொகுதி அது, இப்போதைய உறுப்பினர் டான் டேவிஸ். கடலோரத்து 3-ஆவது தொகுதியோடு சில கவுண்டிகளை (மாவட்டம் போன்ற பிரிவுகளை) மாற்றிக்கொண்டார்கள். 11-க்கு 3 ஆக்குவதுதான் நோக்கம் என்று மறைக்கவும் இல்லை. நவம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி அமர்வு இதைப் பயன்படுத்தத் தடையில்லை என்றது.

சரி, வாக்காளர் என்ன செய்ய வேண்டும்? இம்மாநிலத்தின் கேரி, மோரிஸ்வில் நகரங்கள் பக்கம் குடியுரிமை வாங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கிரீன் கார்டு போதாது, குடியுரிமை வேண்டும். பெயர் பதிய, தேர்தலுக்கு 25 நாள் முன் கடைசி நாள். 2026-க்கு அது அக்டோபர் 9. தவறவிட்டால் அக்டோபர் 15 முதல் 31 வரை நடக்கும் முன்கூட்டிய வாக்குப்பதிவில், அங்கேயே பதிந்து அங்கேயே வாக்களிக்கலாம். தேர்தல் நாளன்று அந்த வசதி கிடையாது. புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். ஓட்டுநர் உரிமமோ அமெரிக்க பாஸ்போர்ட்டோ போதும். கையில் இல்லையென்றால் திருப்பி அனுப்ப மாட்டார்கள், காரணம் எழுதிக் கொடுக்க ஒரு படிவம் உண்டு. தபால் வாக்கு தேர்தல் நாளன்று மாலை 7.30-க்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்றைய தேதி முத்திரை இருக்கிறதே என்பது 2023 சட்டத்துக்குப் பிறகு செல்லாது.

பழைய தொகுதி எண்ணை நம்பி இருக்காதீர்கள். மாநிலத் தேர்தல் வாரியத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் இப்போதைய தொகுதியும் மாதிரி வாக்குச்சீட்டும் வரும். நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் போட்டிக்கு மட்டும் இந்தக் கோடுகள் எதுவும் பொருட்டில்லை, அதற்கு மாநிலம் முழுக்க ஒரே தொகுதி.