வொர்ஷிப் லீடர்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன் சபையாரைப் பாடலிலும் ஜெபத்திலும் நடத்துகிறவரைப் பல சபைகளில் ‘வொர்ஷிப் லீடர்’ என்றுதான் கூப்பிடுகிறோம்.

‘வொர்ஷிப்’ என்ற சொல், தகுதி, மதிப்பு என்னும் பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஒருவருக்கு உரிய மதிப்பைச் செலுத்துவதுதான் அதன் முதல் பொருள். மனிதருக்கும் அது வழங்கியது. மாநகராட்சியில் ‘வணக்கத்துக்குரிய மேயர்’ என்று சொல்லிவந்தோமே, அந்த ‘வணக்கத்துக்குரிய’ இந்தச் சொல்லின் தமிழாக்கம்தான்.

நம் ‘ஆராதனை’ வடமொழிச் சொல். மனம் குளிரச் செய்தல் என்பது அதன் வேர்ப்பொருள். தமிழ் வேதாகமம் இதை எங்கே வைக்கிறது என்று பாருங்கள். மத்தேயு 4:10-இல் ‘பணிந்துகொண்டு’, ‘ஆராதனை செய்வாயாக’ என இரண்டு வினைகள் வருகின்றன. கிரேக்க மூலத்திலும் இரண்டு தனிச் சொற்கள்: முதலாவது விழுந்து வணங்குவது, இரண்டாவது ஊழியம் செய்வது. ரோமர் 12:1 சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதைத்தான் ‘புத்தியுள்ள ஆராதனை’ என்கிறது. அங்கே பாட்டும் இல்லை, கிட்டாரும் இல்லை. பாடல் வேளைக்கு மட்டும் ஆராதனை என்று பெயர் வைத்துவிட்டு, காணிக்கையையும் பிரசங்கத்தையும் அதற்கு வெளியே நிறுத்துவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சரி, ‘லீடர்’? இதற்கு ஒரு சொல் நம் கையிலேயே இருக்கிறது: இராகத்தலைவன். 55 சங்கீதங்களின் தலைப்பில் இவர் வருகிறார். இதன் எபிரெய வேருக்கு மேற்பார்வை செய்தல் என்று பொருள். சாலொமோன் ஆலயம் கட்டியபோது வேலையாட்களைக் கண்காணித்த 3,600 பேரையும் (2 நாளாகமம் 2:2) அதே வேர்ச்சொல்தான் குறிக்கிறது. அப்படியென்றால் இராகத்தலைவன் தன் குரலைக் காட்ட வந்தவர் அல்லர். எல்லாரும் சேர்ந்து செய்யும் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கிறவர். 1 நாளாகமம் 15:22-இல் வரும் கெனானியா என்ற லேவியரின் பாட்டுத் தலைவரும் அப்படித்தான்: பாட்டில் தேர்ந்தவர், அதை மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்.

இந்த ஊழியத்தில் வளர விரும்பும் தம்பி தங்கைகளுக்கு இந்தப் பொருள் நேரடியாக உதவும். உங்கள் குரலுக்கு ஐந்து கட்டை சுலபமாக இருக்கலாம்; பின்வரிசையில் இருக்கும் அம்மாவுக்கு எட்டாது. சுருதியைக் கொஞ்சம் இறக்குங்கள். புதுப் பாடல் ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும் வாரத்தில் மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவையாக இருக்கட்டும். நடுவில் ஒரு சரணத்துக்கு மைக்கை விட்டுத் தள்ளி நின்று, சபை பாடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். அப்புறம், இளையவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்குங்கள்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘ஆராதனைத் தலைவர்’ என்றால் பதவி முன்னே வந்து நிற்கிறது. ‘நடத்துநர்’ என்றதும் பேருந்துதான் நினைவுக்கு வரும். ‘இராகத்தலைவர்’ அழகுதான், ஆனால் ஜெபமும் வசனமும் அதில் அடங்கவில்லை. அறிவிப்பிலும் ஆராதனை முறைத்தாளிலும் ‘ஆராதனை நடத்துபவர்’ என்று எழுதலாம். பேச்சில் ‘பாட்டு எடுத்துக் கொடுப்பவர்’ என்ற நம் பழைய வழக்கே எனக்குப் பிடித்தது. முதல் அடியை அவர் எடுத்துக் கொடுக்கிறார், பாடுவது சபை.