கூரையில் கரண்ட் எடுக்கும் குட்டி ரயில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது தலைக்கு மேலே போகும் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். 2015இல் இ.டி.எஸ். எனப்படும் மின்சார ரயில் பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கியது. செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக்கூட, கம்பியைத் தொட்டுக் கரண்ட் எடுக்கும் அந்தக் கூரைக் கை, பேன்டோகிராஃப், இப்போது பழகிய காட்சி. அதே மாதிரி ஒரு குட்டி ரயிலை மேசைமேல் ஓட்டினால், அதன் கூரையிலுள்ள பேன்டோகிராஃபும் நிஜமாகவே கரண்ட் எடுக்குமா?

எடுக்க வைக்கலாம். அதற்காக 25,000 வோல்ட்டை 87ஆல் வகுக்க வேண்டியதில்லை. எச்.ஓ. எனப்படும் 1:87 அளவு மாடல்களின் மோட்டார் பெரும்பாலும் 12 வோல்ட் டி.சி.யில் ஓடும். பெரிய ரயிலுக்கு அத்தனை வோல்ட் கொடுப்பது கம்பியை மிச்சப்படுத்தத்தான். 2 மெகாவாட் திறனுக்கு 25,000 வோல்ட்டில் சுமார் 80 ஆம்பியர் போதும். 1,500 வோல்ட் என்றால் 1,300 ஆம்பியருக்கு மேல் வேண்டும், கம்பியும் தடிக்கும். குட்டி ரயில் கேட்பதோ அரை ஆம்பியர் அளவு.

சுவாரஸ்யம் வோல்ட்டில் இல்லை, திசையில் இருக்கிறது. சாதாரண மாடல் பாதையில் ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். எஞ்சினைத் தூக்கித் திருப்பி வைத்தால் சக்கரங்கள் தண்டவாளம் மாறிவிடும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆனால் எஞ்சினும் திரும்பித்தானே நிற்கிறது? இரண்டு திருப்பமும் கழிந்துபோக, ஈப்போ பக்கம் போன வண்டி ஈப்போ பக்கமே போகும். எந்தப் பக்கம் போவது என்று சொல்வது பாதைதான்.

மேல்கம்பியில் கணக்கு வேறு. கரண்ட் பேன்டோகிராஃப் வழியாக இறங்கி, மோட்டாரைச் சுற்றிவிட்டு, சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குத் திரும்புகிறது. மோட்டாரின் ஒரு முனை எப்போதும் கூரை, மறுமுனை எப்போதும் சக்கரம். எஞ்சினைத் திருப்பி வைத்தாலும் மோட்டாருக்கு ஒன்றும் மாறாது. தன் முகம் இருக்கும் பக்கமே ஓடும். ஈப்போ போனது எதிர்த்திசையில் கோலகங்சார் போகும்.

இதில் ஒரு லாபம் உண்டு. பாதை வட்டமடித்துத் திரும்பி வந்த வழியிலேயே சேர்ந்தால், சாதாரண முறையில் பிளஸ் தண்டவாளம் மைனஸோடு முட்டி ஷார்ட் ஆகும். மேல்கம்பி மட்டும் என்றால் இரண்டு தண்டவாளத்தையும் ஒன்றாகவே இணைத்துவிடலாம், அந்தத் தொல்லையே கிடையாது. நடுவில் மூன்றாவது தொடர்பு வைத்து, மூன்று தண்டவாள முறையில் போகும் மார்க்லின் நிறுவன மாடல் ரயில்களில் வெளித் தண்டவாளங்கள் இரண்டும் ஏற்கனவே ஒரே முனைதான்.

பழைய ஆட்கள் வேறொரு வித்தை செய்தார்கள்: ஒரே பாதையில் ஒரு வண்டிக்குத் தண்டவாளத்திலிருந்தும், இன்னொன்றுக்குக் கம்பியிலிருந்தும் கரண்ட் கொடுத்து, இரண்டையும் தனித்தனியாக ஓட்டினார்கள். கம்பியில் ஓடும் எஞ்சின் ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் கரண்டைத் திருப்பிவிடும். அதனால் அதைத் தப்பான பக்கம் வைத்தால், முதல் வண்டியின் வோல்ட்டும் இதில் கலந்து குழப்பும். இன்று எஞ்சினுக்குள் இருக்கும் டிஜிட்டல் டிகோடர் என்ற சின்னச் சுற்று ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி எண் தருகிறது, அந்த எண்ணைச் சொல்லித் தனித்தனியாக ஓட்டலாம். அந்த வித்தைக்கு வேலையில்லை. பல மாடல்களில் பேன்டோகிராஃப் வெறும் அலங்காரமாகிவிட்டதும் இதனால்தான். எனக்கென்னவோ அது ஏமாற்று வேலையாகத்தான் படுகிறது.

கம்பி கட்டும்போது நேராக இழுக்கக் கூடாது. ஸ்டேஷனில் அண்ணாந்து பார்த்தால் தெரியும், தூணுக்குத் தூண் அது இடமும் வலமுமாக விலகிப் போகிறது. நேராகப் போனால் பேன்டோகிராஃபின் ஒரே இடத்தில் உரசி, ரம்பம் மாதிரி அறுத்துவிடும். ஸ்பிரிங் அழுத்தமும் அளவாக வேண்டும்: கூடினால் கம்பி தூக்கிக்கொள்ளும், குறைந்தால் பொறி பறக்கும்.

அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 மீட்டரில், அரை ஆம்பியருக்கு அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே விழும். எஃகுக் கம்பியில் அதைப்போல் ஆறேழு மடங்கு, அதாவது 12இல் மூன்று வோல்ட் போய்விடும். எஃகு தொய்யாது என்பதற்காக அதைப் போடுபவர்கள், ஒன்றிரண்டு மீட்டருக்கு ஒருமுறை கீழிருந்து ஒரு ஒயரைக் கொண்டுவந்து கம்பியோடு பற்றவைத்துவிட வேண்டும்.