யாழ் நகரத் தேவாலயக் காணியள்: தனித்தனியா முடிவெடுக்க முதல் ஒண்டா இருந்து கதையுங்கோ

காணிப் பத்திரம் எழுதிற பிரசித்த நொத்தாரிசா வேலை செய்யிறதால நகருக்குள்ள இருக்கிற தேவாலயங்களின்ர உறுதியள், அதாவது காணிப் பத்திரங்கள், அடிக்கடி என்ர மேசைக்கு வரும். இப்ப வாறவை கேக்கிறதெல்லாம் ஒண்டுதான், றோட்டுக்கரையில கடை கட்டிக் குத்தகைக்குக் குடுக்கலாமோ, பின்வளவை விக்கலாமோ எண்டு. காரணம் விளங்குது. 1995 யுத்த இடம்பெயர்வுக்கு முன்னமும் பின்னமும் சனம் கொழும்பு, கனடா, லண்டன் எண்டு போட்டுது, ஞாயிறு ஆராதனைக்கு வாற ஆக்கள் குறைவு, கூரை ஒழுகுது, திருத்தக் காசில்லை. ஆனா பக்கத்துத் தேவாலயமும் இதே கேள்வியோட இன்னொரு நொத்தாரிசிட்ட நிக்குது, ஆளை ஆள் கேக்கிறேல்லை.

மரியன்னை பேராலயம், குருநகர் யாகப்பர், சுண்டுக்குளி பரியோவான், மெதடிஸ்த ஆலயம் எல்லாம் சைக்கிள்ல சுத்தி வரக்கூடிய தூரம். எல்லாரும் கடைத்தொகுதி கட்டினா ஒருத்தருக்கும் வாடகைக்கு ஆள் வராது. சேர்ந்து யோசிச்சா ஒரு வளவில தீவகத்தாலையும் வன்னியாலையும் படிக்க வாற பிள்ளையளுக்கு விடுதி போடலாம், இன்னொண்டில பிள்ளையள் வெளிநாட்டில இருக்கிற வயசுபோனவை பகல்ல வந்து இருக்க ஒரு இடம், வாகனம் விட எல்லாருக்கும் பொதுவா ஒரு வெளி. ஒரு வளவையாவது மரத்தோட அப்பிடியே விடுங்கோ, வருசம் முழுக்க ஓடுற ஆறு எங்களுக்கு இல்லை, மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கினாத்தான் கிணத்தில தண்ணி, எல்லா இடமும் கொங்கிரீட் போட்டா அது எங்க இறங்கிறது?

கட்டடத்துக்கு முதல் உறுதியைப் பாருங்கோ. பழைய உறுதியை விரிச்சா மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சிருக்கும், அளவு பரப்பு, குழி எண்ட எங்கட ஊர்க் காணி அளவையளில, எல்லை முழுக்க ஆக்களின்ர பேரில, வடக்கு இன்னாரின்ர காணி, மேற்கு இன்னாரும் பங்காளரும் எண்டு. அந்த இன்னார் செத்துக் கனகாலம், அவற்ற காணி துண்டு துண்டாக் கைமாறிப் போச்சு, நிலஅளவையாளரைக் கொண்டு அளந்து பாத்தா ஒரு பக்க மதில் உள்ளுக்க வந்து நிக்கும். 1960, 61ல அரசாங்கம் பாடசாலையளை எடுத்தபோது தேவாலயமும் பள்ளிக்கூடமும் ஒரே வளவுக்குள்ள இருந்த இடங்களில எது ஆருக்கு எண்ட சிக்கல் இன்னும் இருக்கு.

கையெழுத்து வைக்கிறது ஆர் எண்டதையும் கேளுங்கோ. உள்ளூர்ச் சபை தீர்மானம் எடுத்தாப்போல காணி விக்கேலாது. கத்தோலிக்கக் காணியெண்டா ஆயர் இல்லம், அங்கிலிக்கன் எண்டா கொழும்பு மறைமாவட்டம், மெதடிஸ்தத்துக்கும் தலைமையகம் கொழும்பில, தென்னிந்திய திருச்சபைக்கு யாழ்ப்பாண ஆதீனம். நாலு இடத்துச் சம்மதம் வேணும், அதுக்கு நாள் எடுக்கும், அதால இப்பவே தொடங்குங்கோ.

வாடகை விசயத்திலதான் எனக்கு நித்திரை வராது. ஒரு தேவாலயம், பேர் வேண்டாம், யுத்தத்துக்கு முதல் முன்பக்கத்தை வாய்ப்பேச்சில ஒரு கடைக்காரருக்குக் குடுத்தது, குடுத்த பாதரும் இல்லை, ரசீதுப் புத்தகமும் இல்லை, இப்ப கடைக்காரற்ற மகன் இது எங்கட இடம் எண்டுறார். வாடகைக்கு வந்தவருக்குப் பத்து வருசம் இருந்த உடன ஆட்சியுரிமை, அதாவது கனகாலம் இருந்ததால வாற சொந்த உரிமை, வந்திடாது, ஆனா அவர் வாடகைக்குத்தான் வந்தவர் எண்டு கோட்டில காட்ட ஒரு துண்டாவது வேணுமே! 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகையெண்டா நொத்தாரிசு முன்னால ரெண்டு சாட்சியோட எழுதோணும், இல்லாட்டி அது செல்லாது. தயவுசெய்து வெள்ளைத்தாளில எழுதிக் குடுக்காதேங்கோ.

கோட்டைக்குள்ள 1706ல ஒல்லாந்தர் கட்டின தேவாலயம் யுத்தத்தோட இடிஞ்சு போச்சு. மிச்சம் நிக்கிற பழசுகளில கைவைக்க முதல் தொல்லியல் திணைக்களத்திட்டயும் மாநகர சபையிட்டயும் கேளுங்கோ, சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) இருந்தா அந்தக் குடும்பங்களிட்டயும்.

முதல் கூட்டத்துக்குப் போதகர் ஐயாமாரும் பாதர்மாரும் மட்டும் காணாது, இளம் பிள்ளையளும் பெம்பிளையளும் வரோணும், வெளிநாட்டில இருக்கிற பழைய சபையாரை சூம்ல எடுங்கோ. ஒவ்வொருத்தரும் உறுதியும் நிலஅளவைப் படமும் வாடகைப் புத்தகமும் கொண்டு வாங்கோ, உறுதி துலைஞ்சிருந்தா காணிப் பதிவகத்தில பிரதி எடுக்கலாம். வெளிநாட்டுச் சபையார் காசு தர ஆயத்தம், ஆனா அவை முதல் கேக்கிறது உறுதி ஆற்ற பேரில எண்டுதான்.