கண்காட்சியில் வாங்கிய பேனா முதல் வாரத்திலேயே ஏன் கெடுகிறது?

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் புத்தூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலர், கையையோ காலையோ தாங்கிப் பிடித்துக்கொண்டு, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறவர்கள். என் கடைக்கு வருகிறவர்கள் சட்டைப் பையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கைக்குட்டையில் சுற்றிய மைப் பேனாவை மேசையின்மேல் வைத்துவிட்டு, "ஒன்றுமே செய்யவில்லை, தானாகவே இப்படி ஆகிவிட்டது" என்று தொடங்குவார்கள். கைக்கடிகாரமும் பேனாவும் பழுது பார்க்கும் தொழிலை என் தந்தையிடம் கற்றுக்கொண்டு, அதே மேசையில் முப்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். சென்னையிலோ பெங்களூரிலோ பேனாக் கண்காட்சி ஒன்று நடந்து முடிந்தால், அடுத்த வாரம் எனக்கு வேலை கூடும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். அறுபது, எழுபது ஆண்டுகள் யாருடைய மேசை அறையிலோ பத்திரமாகக் கிடந்த பேனா, ஆசையோடு வாங்கியவரின் கையில் ஏழே நாளில் உடைகிறது. விற்றவர் ஏமாற்றியதால் வந்த சேதத்தைவிட, வாங்கியவரின் அவசரத்தால் வந்த சேதத்தையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நகரியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சென்ற முறை வந்தார். பக்கவாட்டில் சிறு லீவர் பதித்த, பச்சைப் பளிங்கு போன்ற வரிகள் ஓடும் ஆங்கிலேயர் காலத்துப் பேனா அவரிடம் இருந்தது. லீவர் பாதியில் வளைந்து நின்றது. அதைத் தாங்கும் பிளவின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"மை ஏறவில்லை தம்பி, அதனால் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன்" என்றார்.

"உள்ளே ரப்பர் பை மாற்றியிருக்கிறதா என்று விற்றவரைக் கேட்டீர்களா ஐயா?"

"உள்ளே பை இருக்கிறது என்பதே எனக்கு இப்போதுதானே தெரிகிறது!"

நிப்பைத் தாங்கும் முன்பகுதியான பேனாவின் கழுத்தை மெல்லச் சூடாக்கிக் கழற்றித் தலைகீழாகத் தட்டியபோது, ரப்பர் பை என்று ஒன்றும் வரவில்லை. நொறுங்கிய அப்பளத் தூள் போலக் கறுப்பாகச் சில சில்லுகள் தாளில் விழுந்தன. வால்டர் ஷீஃபர் 1908-இல் காப்புரிமை பெற்ற லீவர் முறை மிக எளிமையானது. லீவரைத் தூக்கினால் அது உள்ளே இருக்கும் உலோகப் பட்டையை அழுத்தும், பட்டை ரப்பர் பையை நசுக்கிக் காற்றை வெளியேற்றும், லீவரை விட்டதும் பை விரிந்து மையை உறிஞ்சிக்கொள்ளும். பை மென்மையாக இருக்கும்வரை இதில் குறையே இல்லை. பல பத்தாண்டுகள் கடந்த இயற்கை ரப்பரோ கல்லாக இறுகிவிடும். சில வேளை உருகிப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் லீவரை இழுப்பது பூட்டிய கதவைத் தோளால் இடிப்பதற்குச் சமம், கதவுக்குப் பதிலாக நிலை பெயரும். ஆகவே லீவர் சற்றே எதிர்ப்புக் காட்டினாலும் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். கண்காட்சி மேசையிலேயே "பை மாற்றியதா, எப்போது மாற்றியது, யார் மாற்றியது" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிடலாம். மாற்றியவர் தயங்காமல் சொல்வார். மாற்றாதவரும் நேர்மையானவராக இருந்தால் மாற்றவில்லை என்று சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்திருப்பார்.

மேசையில் இருக்கும் பேனாவைக் கேட்காமல் எடுப்பதும், எடுத்தவுடன் மூடியைப் பின்புறம் செருகிப் பார்ப்பதும் பலருக்கும் உள்ள பழக்கம். பழைய பேனாவில் மூடியின் வாய்தான் மிக மெல்லிய இடம். அதைப் பின்புறத்தில் இறுகச் செருகினால் வாய் பிளக்கும், இல்லையென்றால் பேரல் எனப்படும் பின்பகுதிக் குழாயில் வளையமாகக் கீறல் விழும். அனுமதி கேட்டு எடுத்த பிறகு முதலில் பார்க்க வேண்டியதும் அந்த வாய்தான். கடிகாரக்காரர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் சிறு டார்ச்சும் கையில் இருந்தால், மூடிக்குள் ஒளியைப் பாய்ச்சி, வாயோரத்தைச் சுற்றிலும் மெதுவாகத் திருப்பிப் பார்க்கலாம். விரிசல் இருந்தால் ஒளி அந்த இடத்தில் வெள்ளிக் கம்பி போல மின்னும். கிளிப்பின் அடி, லீவரின் இரு முனை, கழுத்தும் பேரலும் சேரும் மரை ஆகியவை அடுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள். உடல் பளபளவென்று இருக்கிறது என்பதற்காக மயங்கக் கூடாது. அளவுக்கு மீறித் தேய்த்துப் பளபளப்பாக்கிய பேனாவில் நிறுவனத்தின் பெயர் பொறித்த எழுத்துகள் மங்கியிருக்கும், சேகரிப்பவர்களுக்கு அந்த எழுத்துகள்தாம் பேனாவின் முகம்.

நிப்பைப் பார்ப்பதற்கு இதைவிடப் பொறுமை வேண்டும். தங்க நிப்பில் 14 காரட் என்றால் 585 என்றும், 18 காரட் என்றால் 750 என்றும் பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். தாளைத் தொடுவது தங்கம் அல்ல. தங்கம் மிருதுவானது, தேய்ந்துவிடும். நிப்பின் நுனியில் கடுகைவிடச் சிறியதாகப் பற்றவைத்திருக்கும் கடினமான உலோகக் கலவை மணிதான் தாளில் ஓடுகிறது. இரிடியம், ஆஸ்மியம், ருதீனியம் போன்ற உலோகங்களால் ஆன அந்த மணியை எல்லாரும் பொதுவாக 'இரிடியம்' என்றே சொல்லிவிடுகிறோம். நிப்பின் நடுவே ஓடும் பிளவு அந்த மணியையும் இரண்டாகப் பிளந்திருக்கும்; லென்ஸில் பார்த்தால் இரு பாதிகளும் ஒரே மட்டத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பாதி இறங்கியிருந்தால் அது சில நிமிட வேலை, அதற்காகப் பேனாவைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரு பாதியில் மணியே இல்லை என்றால், புதிதாக மணி வைத்துத் தருகிறவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். அந்தப் பேனாவை எழுதுவதற்காக வாங்காதீர்கள். 'இரிடியம் பாயின்ட் ஜெர்மனி' என்று பொறித்த நிப்பைக் காட்டி, ஜெர்மனிப் பேனா என்று யாராவது விலை சொன்னால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த வாசகம் எங்கெங்கோ தயாரான மலிவுப் பேனாக்களிலும் காணப்படுவது.

நிப்பை நகத்தின்மேல் அழுத்தி விரியவைத்துப் பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். பழைய நெகிழ் நிப்பு என்று கேள்விப்பட்டதும் கை துறுதுறுக்கிறது. ஒருமுறை அளவு மீறி விரிந்த நிப்பின் தோள் பகுதியில் வெடிப்பு விழுந்தால், அதைக் கூட்டி ஒட்டும் வேலை என்னால் ஆகாது. எழுதிப் பார்க்க வேண்டும் என்றால் மையில் தோய்த்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்; அவர் தரும் மையில், அவர் தரும் தாளில், உங்கள் கையெழுத்தின் வழக்கமான அழுத்தத்தில் நான்கு வரி எழுதுங்கள். தோய்த்து எழுதும்போது நிப்பின் குணம் தெரியும். மை உறிஞ்சுகிறதா, கசிகிறதா என்பது அதில் தெரியாது. இதை மறந்துவிட்டு, "அங்கே நன்றாக எழுதியதே" என்று என்னிடம் வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். காய்ந்த மையைக் கரைக்கிறேன் என்று பேனாவை முழுதாக வெந்நீரில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். எந்தப் பொருளால் ஆன பேனா என்று தெரியாமல் தண்ணீரில் போடுவது, நோய் தெரியாமல் மருந்து கொடுப்பதைப் போன்றது. எபோனைட் என்பது நிறையக் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். கட்டைவிரலால் சற்று வேகமாகத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் கந்தக வாடை வரும். ஒளியும் ஈரமும் சேர்ந்தால் அதன் மேற்பரப்பு மாறி, கறுப்பு நிறம் பழுப்பாகவும் பாசிப் பச்சையாகவும் வெளுக்கும். சித்தூர் வாடிக்கையாளர் ஒருவர் இரவு முழுவதும் வெந்நீரில் ஊறவைத்த எபோனைட் பேனா, காலையில் காய்ந்த புளியம்பழ ஓட்டின் நிறத்தில் இருந்தது. பழைய கறுப்பைத் திரும்பப் பெற வேண்டுமானால் மேல் அடுக்கையே தேய்த்து எடுக்க வேண்டும், அப்போது பொறித்த எழுத்தும் போகும். நான் எழுத்தை விட்டுவைத்து, நிறத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு அதில் இன்னும் வருத்தம்தான். பாலின் புரதத்திலிருந்து செய்யும் கேசின் என்ற பொருளால் ஆன பழைய ஆங்கிலப் பேனாக்களும் உண்டு. அழகான நிறங்களில் இருக்கும் அவை, தண்ணீரில் ஊறினால் உப்பி, உருக்குலைந்துவிடும்.

செல்லுலாய்டு தண்ணீருக்கு அஞ்சாது என்றாலும் நெருப்புக்கு அஞ்சும். தேய்த்தால் கற்பூர வாடை வரும் அந்தப் பொருள், கற்பூரம் சேர்த்த நைட்ரோசெல்லுலோஸ். இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், இறுகிய கழுத்தை இளக்குவதற்காக ஒரு செல்லுலாய்டுப் பேனாவை ஸ்பிரிட் விளக்கின் அருகே பிடித்தேன். அருகே என்றுதான் நினைத்தேன். கண் இமைப்பதற்குள் பேரல் மஞ்சள் சுவாலையாகப் பற்றி, மேசையில் விரித்திருந்த செய்தித்தாளும் கருகியது. அப்பா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வாடிக்கையாளருக்குத் தன் சொந்தப் பேனாவைக் கொடுத்தனுப்பிவிட்டு, விளக்கை எடுத்துப் பரண்மேல் வைத்தார். இன்றும் முடி உலர்த்தும் கருவியின் வெதுவெதுப்பான காற்றைத் தவிர வேறு சூட்டை நான் பயன்படுத்துவதில்லை; கை பொறுக்கும் சூடு என்பதே என் அளவு. குறடு பிடித்துத் திருகுவது எந்தச் சூட்டிலும் கூடாது, ஏனென்றால் பல லீவர்ப் பேனாக்களின் கழுத்துக்கு மரையே கிடையாது, வெறுமனே செருகியிருக்கும். பார்க்கர் 51 போன்ற அக்ரிலிக் பேனாக்களை ஸ்பிரிட்டால் துடைத்தால் வலைப் பின்னல் போல நுண்ணிய வெடிப்புகள் தோன்றும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை போதும். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க் அரக்குச் சேர்ந்தது. காய்ந்தால் தண்ணீரில் கரையாது. மைப் பேனாவுக்கு என்று சொல்லி விற்கும் மையைத் தவிர எதையும் ஊற்றாதீர்கள். மினுமினுப்புத் துகள் கலந்த மைகளைப் புதிய, சுலபமாகக் கழற்றிக் கழுவக்கூடிய பேனாவில் பயன்படுத்தலாம். பழைய பேனாவில் அவை வேண்டாம்.

எங்கள் பக்கத்திலிருந்து கண்காட்சிக்குப் போகிறவர்கள் வெளிநாட்டுப் பழம்பேனாக்களின் மேசையிலேயே முழுப் பொழுதையும் கழித்துவிடுவதில் எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு. ராஜமுந்திரியில் 1932-இல் கோசூரி வெங்கட ரத்தினம் தொடங்கிய பேனாத் தொழில் இன்றும் நடக்கிறது. அந்தச் சுதேசிப் பேனாவைக் காந்தியிடம் கொண்டு சேர்த்தவர், தஞ்சாவூரில் பிறந்த நம் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, அதைப் பாராட்டிக் காந்தி 1935-இல் கடிதம் எழுதினார். எல்லைக்கு இந்தப் பக்கம் ராஜமுந்திரி என்றால், அந்தப் பக்கம் திருவள்ளூரில் எபோனைட் கம்பியைக் கடைசல் பிடித்துக் கையாலேயே பேனா செய்கிறார்கள். புதிதாக இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர், முதல் கண்காட்சியில் இப்படிப்பட்ட புதிய கைவினைப் பேனா ஒன்றை வாங்கிப் பழகுவதே நல்லது என்பது என் எண்ணம். செய்தவரே எதிரில் நிற்பதால் கழற்றுவதையும் கழுவுவதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இவற்றில் பல, ஃபில்லரால் மையை நேரடியாகப் பேரலில் ஊற்றும் வகை. மை பாதிக்குமேல் குறைந்த பிறகு, உள்ளே இருக்கும் காற்று கையின் சூட்டில் விரிந்து, மையைத் தள்ளி, தாளில் பொட்டென்று ஒரு சொட்டு விழும். அது பேனாவின் குற்றம் அல்ல. கால் பங்கு மை இருக்கும்போதே மீண்டும் நிரப்பிவிட வேண்டும். மரையில் சிறிது சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். சித்திரை, வைகாசியில் நிறுத்திய காருக்குள் எந்தப் பேனாவையும் விட்டு வரக் கூடாது. சென்னையிலிருந்து திரும்பும் வழியில் திருத்தணிக் கோயிலுக்குப் படியேறிவிட்டு வருவதற்குள், காரின் முன்பலகையில் வளைந்துபோன செல்லுலாய்டு மூடி ஒன்று இப்போதும் என் மேசை அறையில் இருக்கிறது.

ஆசிரியரின் பச்சைப் பேனாவுக்குப் புதிய பை போட்டு, விரிசலை ஒட்டி, லீவரை நிமிர்த்திக் கொடுக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதில் எட்டு நாள், லீவரின் ஊசியைத் தேடியதில் போனது. இழுத்தபோது தெறித்து விழுந்த அந்த ஊசி, அரை அங்குலம்கூட இராது. அவர் வீட்டைப் பெருக்கியபோது குப்பையோடு போய்விட்டது. உங்கள் பேனாவுக்கும் அப்படி ஏதேனும் நேர்ந்தால், மையை வடித்துவிட்டு, விழுந்த துண்டு எவ்வளவு சிறியதானாலும் தாளில் மடித்து எடுத்து வாருங்கள்; ஒட்டுப் பசையை மட்டும் நீங்களே போட்டுவிட்டு வராதீர்கள்.